நானூற்று எண்பதாவது மரச்சீட்டு

பொதுத் தேர்தல் முடிந்து டோக்கியோவில் கீழவை முதன்முதலாகக் கூடும் நாளில், ஒரு மணி நேரம் அந்த அவைக்குச் சபாநாயகரே கிடையாது. பழையவர் தேர்தலோடு போயிருப்பார். புதியவரை இன்னும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். நாட்டையே ஆட்டிவைக்கிற நானூற்று எண்பது பேரும் கோட்டு சூட்டோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் சபாநாயகர் நாற்காலியில் இருப்பவர் ஓட்டு வாங்கி வந்தவரல்ல, மாதச் சம்பளக்காரரான அவைச் செயலாளர். அவர் சொன்னால் அத்தனை பேரும் எழுந்து வர வேண்டும், அவர் சொன்னால் உட்கார வேண்டும். உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் அவை குமாஸ்தாக்களின் கையில் இருக்கிறது. அந்தக் கைகளில் இரண்டு ஹோரிதா ஃபுமியே என்ற பெண் எழுத்தருடையவை.

முறை இதுதான். கதவுகளைச் சாத்திவிடுவார்கள். ஓர் எழுத்தர் இருக்கை வரிசைப்படி பெயர்களை வாசிப்பார். பெயர் கேட்ட உறுப்பினர் மடித்த வாக்குச்சீட்டு ஒன்றும், தம் பெயர் எழுதிய விரல் நீள மரச்சீட்டு ஒன்றும் கொண்டு மேடையேறுவார். வாக்குச்சீட்டில் சபாநாயகராக வர வேண்டியவரின் பெயர் மட்டும் இருக்கும், எழுதியவர் பெயர் இருக்காது. அது எல்லார் கண் முன்னாலும் பெட்டிக்குள் போகும். மரச்சீட்டு ஃபுமியேயின் கைக்கு வரும். கடைசியில் இரண்டையும் எண்ணுவார்கள். பெட்டியில் எத்தனை காகிதமோ தட்டில் அத்தனை மரம் இருக்க வேண்டும். இருந்தால்தான் காகிதங்களைப் பிரித்து யார் ஜெயித்தார் என்றே பார்ப்பார்கள்.

இத்தனைக்கும், யார் ஜெயிப்பார் என்பது பெரும்பாலும் முதல் நாளே ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். பெரிய கட்சிக்குச் சபாநாயகர், அடுத்த கட்சிக்குத் துணைச் சபாநாயகர் என்று பேசிவைத்துக்கொண்டு, எல்லாரும் எல்லாருக்கும் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த வீட்டில் பெண் பார்க்கப் போவது மாதிரிதான். ஆனாலும் ஃபுமியே ஒவ்வொரு சீட்டையும் இன்றைக்குத்தான் நாட்டின் தலையெழுத்தே மாறப்போகிறது என்பது போல வாங்குவாள். கூட வேலை பார்ப்பவர்கள் இதற்காக அவளைக் கேலி செய்வதுண்டு. அவள் சிரித்துக்கொள்வாள், மாற்றிக்கொள்ள மாட்டாள்.

அவள் பிறந்தது ஹிமி என்ற மீன்பிடித் துறைமுகத்தில். அப்பா வலைப்படகில் போனார், அம்மா தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தாள். பள்ளிக்கூடம் முடித்ததும் டோக்கியோவுக்கு வந்து தேர்வெழுதி, அவைச் செயலகத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்தாள். முதல் சில வருடங்கள் தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு சிவப்புக் கம்பளத் தாழ்வாரங்களில் ஓடினாள். மழைக்காலத்தில் அந்தக் கம்பளம் ஈர நாயைப் போல நாறும் என்று இன்றும் சொல்வாள். அந்தக் கட்டடத்தில் தேர்தலில் ஜெயித்து வந்தவர் யாராயிருந்தாலும் 'சென்செய்', அதாவது வாத்தியார். அவர் வாழ்நாளில் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இருபத்தாறு வயதில் ஒரு குழுக்கூட்டத்தில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது பேர் குழு. பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் தொடங்கலாம். தலைவர் மணியைப் பார்த்துவிட்டுத் தொடங்கப் போனார். ஃபுமியே ஒரு துண்டுத் தாளில் 'பதினான்கு' என்று எழுதி அவர் கோப்பைக்கு அடியில் வைத்தாள். தலைவருக்கு முகம் சுருங்கியது. பதினைந்தாவது ஆள் கீழே சிற்றுண்டிச்சாலையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிந்து, அவளையே அனுப்பினார்கள்.

"நான் கட்டடத்துக்குள்ளதானே இருக்கேன்" என்றார் அந்த சென்செய், கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல். "மனசெல்லாம் அங்கதான் இருக்கு. பதினஞ்சுன்னு எழுதிக்க."

"மனசை எண்ண எனக்குத் தெரியாதுங்க சென்செய். நாற்காலியைத்தான் எண்ணத் தெரியும்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். அடுத்த ஆறு மாதம் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஓகுதாய்ரா என்ற அதிகாரி அந்தத் துண்டுத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டார். அப்போது அவர் அவை நடவடிக்கைப் பிரிவில் இரண்டாம் நிலையில் இருந்தார். பேசினால் காசு செலவாகும் என்பது போலப் பேசுகிறவர். சில வருடம் கழித்து மேடையில் மரச்சீட்டு வாங்க ஆள் தேவைப்பட்டபோது அவளை, 'சான்' என்ற மரியாதை ஒட்டோடு, கூப்பிட்டார்.

"ஹோரிதா-சான், உங்களுக்குக் கை நடுங்குமா?"

"பசிச்சா நடுங்குங்க."

"அப்ப அன்னைக்குச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். அதுதான் நியமன உத்தரவு.

வீட்டில் அவள் பயிற்சி எடுத்த கதையை அவள் கணவர் தெட்சுஜி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் மாநகரப் பேருந்து ஓட்டுநர். மீன் விழுதைச் சின்னப் பலகையில் அப்பி அவித்து விற்கிறார்களே, அந்தப் பலகைகளைக் கழுவிக் காயவைத்து அவள் சேர்க்கத் தொடங்கினாள். ஐம்பது பலகை சேரும்வரை வீட்டில் வேறு குழம்பு கிடையாது.

"இன்னைக்கும் இதேதானா? எனக்குச் செவுள் மொளைக்கப் போவுது, ஃபுமி."

"இன்னும் எட்டுப் பலகைதாங்க. அப்புறம் கோழி வாங்குறேன்."

சாப்பிட்டு முடித்ததும் தெட்சுஜி பலகைகளை எடுத்துக்கொண்டு வரிசையாக உறுப்பினராக நடித்துக்காட்டுவார். ஒருவர் பார்க்காமலே நீட்டுவார், ஒருவர் நீட்டிவிட்டுப் பிடுங்குவார், ஒருவர் தூங்கி எழுந்து வருவார். அவள் எல்லாரிடமும் ஒரே மாதிரி வாங்குவாள்: வலது கை முன்னால், இடது கை அதன் கீழே, கண் பெயரில், தலை சற்றே தாழ்வாக. பிறகு தட்டில் பத்துப் பத்தாக அடுக்குவாள். நானூற்று எண்பது பேர், நாற்பத்தெட்டு வரிசை. இரண்டு கையால் வாங்குவது நேரம் பிடிக்கும் என்று ஓகுதாய்ராவே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒருவர் தம் பெயரைக் கொடுக்கும்போது ஒற்றைக் கையால் வாங்க அவளால் முடியவில்லை.

அப்படி ஏழு சபாநாயகர் தேர்தல்கள் நடந்தன. ஏழிலும் காகிதமும் மரமும் ஒன்றுபோல இருந்தன. ஒவ்வொரு முறையும், 'மரச்சீட்டுகளின் எண்ணிக்கையும் இதனுடன் பொருந்துகிறது' என்ற வாக்கியம் அவள் தலைக்கு மேலே வாசிக்கப்படும். அவளுக்குக் கிடைத்த பரிசெல்லாம் அந்த ஒரு வாக்கியந்தான். அதற்கு மேல் அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

எட்டாவது தேர்தல் வந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. ஓகுதாய்ரா அவைச் செயலாளராகியிருந்தார். அந்த வருடம் எந்தப் பக்கத்துக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நெடுங்காலம் ஆண்ட கட்சி அவையின் வலப்புறம், அதை இறக்கப் பார்த்தவர்கள் இடப்புறம். நடுவில் எந்தக் கட்சியிலும் சேராத சிலர். சபாநாயகர் பதவியைப் பேசி முடிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தின. யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாத சபாநாயகர் தேர்தலை அந்தக் கட்டடத்தில் இருந்த குமாஸ்தாக்கள் யாரும் பார்த்ததில்லை.

இடப்புறத்து அவை விவகாரங்களைக் கவனித்தவர் முகாய் என்ற உறுப்பினர். சந்தேகம் அவருக்குச் சாப்பாடு மாதிரி. எதற்கெடுத்தாலும் 'ஆட்சேபம்' என்று குரல் கொடுப்பவர் என்பதால் காவலர்கள் அவருக்கு ஆட்சேபக்காரர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாளே வந்து வாக்குப்பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், அடியைக் கூட முகர்ந்து பார்த்தார். பிறகு ஃபுமியேயிடம் வந்தார்.

"ஹோரிதா-சான், நீங்க எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"நாப்பது ஆகப்போவுதுங்க சென்செய்."

"நாப்பது வருஷமும் அவங்க ஆட்சிதானே பெரும்பாலும். பழகிப்போன கைதான் தானா ஒரு பக்கம் சாயும். உங்களைத் தப்பாச் சொல்லல. செயலகத்தையே சொல்றேன்."

ஃபுமியே தலையைத் தாழ்த்தினாள். ஆனால் அது அவளைத் தைத்தது. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் அதைச் சொன்னாள். சாய்ந்த கை என்று யாரும் அவளைச் சொன்னதில்லை.

மறுநாள் பகல் ஒரு மணிக்குக் கதவுகளைச் சாத்தினார்கள். ஓகுதாய்ரா மேலே, உயர்ந்த நாற்காலியில். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முந்நூறு பேர் வரை ஒரு குறையும் இல்லை.

பிறகு தோகாஷி கென்சாகுவின் பெயர் வந்தது. எண்பத்தொன்பது வயது, எந்தக் கட்சியிலும் இல்லாதவர், யாருக்குப் போடுவார் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டும் வாயைத் திறக்காதவர். இலையுதிர் காலத்தில் இடுப்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். மேடைக்குப் படிகள் உண்டு. அதனால் மரச்சீட்டு வாங்கும் எழுத்தரே கீழே போய், அவருடைய இரண்டு சீட்டுகளையும் வாங்கி வந்து சேர்ப்பது என்று இரண்டு பக்கமும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தன.

"ஏம்மா, பிரிச்சுக் கிரிச்சுப் பாத்துடாத" என்றார் கிழவர் வாக்குச்சீட்டை நீட்டி. "என் பொண்டாட்டிகிட்டயே சொல்லல."

"பெட்டிக்கு மட்டுந்தாங்க சொல்லுவேன், சென்செய்."

அவள் மேடையேறினாள். வலது கையிலிருந்த வாக்குச்சீட்டை உயர்த்திக் காட்டிப் பெட்டிக்குள் போட்டாள். இடது கையில் தோகாஷியின் மரச்சீட்டு. அதற்குள் அடுத்த பெயர் வாசிக்கப்பட்டு, அந்த உறுப்பினர் அவள் இடத்துக்கு எதிரே வந்து நின்றுவிட்டார். முதல் முறை ஜெயித்து வந்தவர், அதுவரை பல் மருத்துவராக இருந்தவர். தம் மரச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரை வளைந்து குனிந்தார். அவர் குனிந்த குனிவுக்கு எதிரே ஒற்றைக் கையை நீட்ட யாருக்கு மனம் வரும்? ஃபுமியே தன் கையிலிருந்ததைக் கோட்டுப் பைக்குள் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள், தானும் குனிந்தாள். அடுத்த பெயர் வந்தது. அதற்கடுத்த பெயர் வந்தது. இத்தனை வருடங்களாக அவள் கைக்குள் வந்த மரம் என்றால் வந்து சேர்ந்த மரம். தோகாஷியின் சீட்டும் வந்து சேர்ந்துவிட்டதாகவே அவள் மனதில் பதிந்துபோயிற்று.

எண்ணினார்கள். காகிதம் நானூற்று எண்பது. மரம் நானூற்று எழுபத்தொன்பது.

மறுபடி எண்ணினார்கள். கடைசி வரிசையில் ஒரு சீட்டுக்கான இடம் காலியாகவே இருந்தது. அவையில் சலசலப்பு கிளம்பியது. இடப்புறத்திலிருந்து முகாயின் குரல் வந்தது: "செயலாளரே, கணக்கு ஏன் நிக்குது? யாரோ ரெண்டு காகிதம் போட்டாங்களா?" வலப்புறத்திலிருந்து யாரோ பதிலுக்குக் கத்தினார்கள். ஃபுமியே மேஜை மேல் சாய்ந்து மூன்றாம் முறையாக வரிசைகளைப் பார்த்தாள். அப்போது கோட்டுப் பையில் ஏதோ கெட்டியாக இடுப்பில் குத்தியது.

கையை விட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அது என்னவென்று தெரிந்துவிட்டது.

மேலேயிருந்து ஓகுதாய்ரா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் குனிந்தார். அவள் முகம் வெளிறியதையும் கை பையருகே நின்றதையும் அவர் பார்த்திருந்தார். உதடு அசையாமல் பேசினார்.

"மேஜைக்கடியில விழுந்திருக்கும். குனிஞ்சு பாருங்க, ஹோரிதா-சான்."

"விழலைங்க. என் பையில இருக்கு."

"பைக்கும் தரைக்கும் ஒரு முழந்தான் தூரம்."

அவர் கெட்டவரல்ல. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். குனிந்து எழுந்தால் போதும். தோகாஷி ஓட்டுப் போட்டது நிஜம், சீட்டு கொடுத்தது நிஜம், எண்ணிக்கை நானூற்று எண்பது என்பதும் நிஜம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வெளியே சொன்னால், நேற்று முகாய் சொன்ன சாய்ந்த கை அவளுடையதாகிவிடும். நாற்பது வருடத்து வேலையில் ஊர் நினைவு வைத்துக்கொள்ளப்போவது இந்த ஒரு பையைத்தான். ஃபுமியே உண்மையாகவே குனியப் பார்த்தாள். முழங்கால்கூடச் சற்று மடங்கியது. பிற்பாடு கணவரிடம் அதை அவளே ஒப்புக்கொண்டாள்.

"அந்த ஒரு முழத்தை யாரும் பாக்கலையேங்க" என்றாள் ஓகுதாய்ராவிடம். "பாக்காத இடத்துலேருந்து வர்ற சீட்டை எப்படி எண்ணுறது?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். பையிலிருந்து மரச்சீட்டை எடுத்து, தலைக்கு மேலே, அவை முழுக்கத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

எழுத்தர்கள் அவையை நோக்கிப் பேசும் வழக்கமில்லை. ஆகவே அவளால் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல முடியாது. கையை உயர்த்தியபடி நின்றாள். ஓகுதாய்ரா ஒலிபெருக்கியைப் போட்டார். தோகாஷி கென்சாகு உறுப்பினரின் மரச்சீட்டு எழுத்தரின் கோட்டுப் பையில் இருந்தது, இது எழுத்தரின் தவறு என்று ஒரே மூச்சில் வாசிப்பது போலச் சொன்னார்.

அவ்வளவுதான், அவை கொந்தளித்தது. போயும் போயும் தோகாஷியின் சீட்டு. எந்தப் பக்கம் என்றே தெரியாத அந்த ஒரு ஓட்டு. முகாய் இருக்கையைவிட்டு மேடைக்கு அருகிலேயே வந்துவிட்டார்.

"ஒரு பையில ஒண்ணு இருந்துச்சுன்னா இன்னொரு பையில எத்தனை இருக்கு? திருப்பிக் காட்டச் சொல்லுங்க."

செயலாளர் வாயைத் திறப்பதற்குள் ஃபுமியே இரண்டு பைகளையும் வெளியே இழுத்துத் திருப்பினாள். ஒன்றிலிருந்து கைக்குட்டை விழுந்தது. மற்றதிலிருந்து தொண்டை மிட்டாய் இரண்டும், 'டோஃபு, வெங்காயத்தாள், மின்விளக்கு ஒன்று' என்று எழுதிய கடைச் சீட்டும். முன்வரிசையில் ஒருவர் அதை எடுத்துப் படித்துச் சிரித்தார். அவளுக்குக் காது வரை சிவந்தது. நாக்கு போல வெளியே தொங்கிய பைகளோடு அவள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். அதைப் பார்த்தவர்களில் பலர் பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். என்னைக் கேட்டால், அந்த மேடையில் நின்று பேசிய எத்தனையோ பிரதமர்களைவிட அவள் அன்றைக்கு உயரமாக நின்றாள்.

அவை ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு பக்கத்துத் தலைவர்களும் ஓர் அறைக்குள் போனார்கள். ஃபுமியே தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துக்கொண்டு, தவறு செய்தவர்கள் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதத்தை எழுதத் தொடங்கினாள். பேனா நன்றாகத்தான் ஓடியது. ஆனால் 'இரண்டு கையாலும் வாங்குவதற்காக' என்ற இடத்தில் நின்றுவிட்டது. தப்புக்குச் சாக்குச் சொல்வது போல இருந்ததால் அதை அடித்தாள். அடித்தால் நடந்தது புரியாது என்று மறுபடி எழுதினாள்.

தோகாஷி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்னாலதான் உனக்கு இந்தத் தொல்லை. பேசாம வீட்டுல படுத்திருந்திருக்கலாம்."

"நீங்க சரியாக் குடுத்தீங்க, சென்செய். நாந்தான் சரியாச் சேக்கல."

"மொத ஓட்டு என்னாகும்?"

"பிரிக்காம அரக்கு வெச்சு எரிச்சுடுவாங்க. திரும்பப் போடணும்னு முடிவாச்சுன்னா."

"நல்லதாப் போச்சு" என்றார் கிழவர். "ரெண்டாந்தரம் எழுதுறப்ப மனசு மாறாம இருக்கான்னு பாக்கலாம்."

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

அறைக் கதவு திறந்து முகாய் வெளியே வந்தார். நேராக அவளிடம் வந்து, கடிதத்தைத் தலைகீழாகவே கொஞ்சம் படித்தார்.

"எழுதி முடிச்சாச்சா?"

"பாதிதாங்க சென்செய்."

"மறுவாக்குன்னு முடிவாயிடுச்சு. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டோம். கறையோட ஜெயிக்க யாருக்கும் ஆசையில்ல. சீட்டு வாங்குற ஆளை மாத்தலாம்னு அந்தப் பக்கத்துக்காரங்க சொன்னாங்க. நீங்க களைச்சுப் போயிருப்பீங்களாம்."

ஃபுமியே எதிர்பார்த்ததுதான். பேனாவை மூடினாள். "சரிங்க. வேற ஆள் தயாரா இருக்காங்க."

"நான் வேண்டாம்னுட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ விழுந்துச்சுன்னு சொல்லிக் குனிஞ்சு எடுத்திருந்தீங்கன்னா, நான் நம்பியிருக்க மாட்டேன். இந்தக் கட்டடத்துல நான் யாரையும் நம்பறதில்ல, அது உங்களுக்கே தெரியும். ஆனா தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு ஒரு ஆள் ஏமாத்துவாங்கன்னு என்னாலகூட நினைக்க முடியல." பிறகு "எழுந்திருங்க, நேரமாச்சு" என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்கு எப்போதும் எரிச்சல் வரும் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கதவுகளை மறுபடி சாத்தினார்கள். மறுபடி முதல் பெயரிலிருந்து. ஃபுமியே மறுபடி இரண்டு கையால் வாங்கினாள். கை நடுங்கியது, அதை அவள் மறைக்கவில்லை. தோகாஷியின் பெயர் வந்தபோது அடுத்த பெயரை வாசிக்க வேண்டாம் என்று ஓகுதாய்ரா கை காட்டினார். அவை முழுவதும் காத்திருந்தது. அவள் கீழே இறங்கி, வாங்கி, ஏறி, காகிதத்தைப் பெட்டியிலும் மரத்தைத் தட்டிலும் சேர்த்த பிறகுதான் பல் மருத்துவரின் பெயர் வந்தது. அவர் இந்த முறையும் இடுப்பு வரை குனிந்தார். அதைத் தடுக்க யாராலும் முடியாது போலிருக்கிறது.

எண்ணினார்கள். காகிதம் நானூற்று எண்பது. "மரச்சீட்டுகளின் எண்ணிக்கையும் இதனுடன் பொருந்துகிறது" என்று ஓகுதாய்ரா வாசித்தார். காகிதங்களைப் பிரித்தார்கள். மேஜையைச் சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள்.

வலப்புறத்து வேட்பாளர் இருநூற்று நாற்பத்தொன்று. இடப்புறத்து வேட்பாளர் இருநூற்று முப்பத்தொன்பது.

ஒரே ஒரு ஆள் மாற்றிப் போட்டிருந்தால் சமம். இடப்புறம் மொத்தமும் எழுந்துவிட்டது. அத்தனை தலைகளும் முகாய் பக்கம் திரும்பின. அவருக்குப் பின்னால் இருந்தவர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"விடாதீங்க முகாய்-சான். அந்தப் பொம்பளை மொத தடவையே ஒண்ணைப் பையில போட்டவ. திரும்ப எண்ணச் சொல்லுங்க. ஆட்சேபம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

முகாய் எழுந்தார். மேடையில் மரச்சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஃபுமியேயின் கைகள் நின்றுபோயின. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரியும் என்றே காவலர்கள் உட்பட எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் முதலில் பின்னால் திரும்பினார். "உக்காருங்க. அவங்க எண்ணினா எண்ணினதுதான். நாம தோத்துட்டோம்."

பிறகு செயலாளரைப் பார்த்து நிமிர்ந்து நின்று, அவை முழுக்கக் கேட்கும் குரலில், அந்தக் கட்டடத்தில் யாரும் அவர் வாயால் கேட்டிராததைச் சொன்னார்.

"ஆட்சேபம் இல்லை."

அவருக்குப் பின்னால் இடப்புறத்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஃபுமியே தட்டைப் பிடித்தபடியே தலை குனிந்து, நானூற்று எண்பது பேர் முன்னிலையில் அழுதாள்.